திருச்சிக்கு மாற்றலாகி வருகிறீர்களா? வீட்டைப் பார்க்கும் முன் ஏரியாவைப் பாருங்கள்

எங்கள் வங்கிக் கிளைக்கு மாற்றல் உத்தரவு வாங்கியவர்கள், வந்து சேர்வதற்கு முன்பே எனக்குப் போன் செய்துவிடுவார்கள். "மேடம், திருச்சில எது நல்ல ஏரியா?" இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. வேலை எந்தப் பக்கம், பிள்ளை எங்கே படிக்கப்போகிறது, வீட்டில் முட்டிவலிக்காரர் யாராவது உண்டா, ராத்திரி கடைசியாக வீடு திரும்புவது யார் என்று திருப்பிக் கேட்பேன். சென்னை, ஈரோடு என்று ஊர் ஊராகப் போய்க் கடைசியில் திருச்சியில் நிலைத்தவள் நான். மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஊரில் தெருத் தெருவாக வீடு பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் நல்ல ஏரியா என்று ஒன்று இங்கே கிடையாது. உங்கள் வீட்டு ஆட்களுக்குப் பொருந்துகிற ஏரியா நிச்சயமாக உண்டு.

சென்னை, பெங்களூருவிலிருந்து வருபவர்கள் கிலோமீட்டர் கணக்கில் யோசிக்கிறார்கள். அந்தக் கணக்கு இங்கே அவ்வளவாக உதவாது. ஸ்ரீரங்கத்திலிருந்து விமான நிலையம் வரை போனாலே சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். இந்த ஊரில் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, கடக்க வேண்டிய இடங்கள். வடக்கே காவிரி, அதற்கும் வடக்கே கொள்ளிடம், நடுவில் தீவாக ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். ஜங்ஷனிலிருந்து சென்னை, தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. எங்கே குடியிருந்தாலும் ஒரு பாலமோ, சுரங்கப்பாதையோ, ரயில்வே கேட்டோ குறுக்கே வரும். அதனால் முதல் வேலையாகப் போனில் வரைபடத்தைத் திறந்து அலுவலகம், பள்ளி, டாக்டர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறுகளையும் தண்டவாளங்களையும் பாருங்கள். தினமும் போய்வரும் இரண்டு இடங்களாவது நீங்கள் இருக்கும் கரையிலேயே, தண்டவாளத்துக்கு உங்கள் பக்கத்திலேயே அமைகிற மாதிரி ஏரியாவைத் தேடுங்கள். திருச்சியில் வீடு பார்ப்பதில் பாதி வேலை இதுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2022 செப்டம்பரில், ஸ்ரீரங்கத்தை ஊரோடு இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடினார்கள். 1976-இல் கட்டிய பாலம், வேலை செய்துதான் ஆக வேண்டும். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை மாதமும் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, ஆற்றுக்குத் தென்பக்கம் கன்டோன்மென்ட்டில் வேலை பார்த்தவர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கண்ணெதிரே மலைக்கோட்டை தெரியும், அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எடுத்தால் தெரிந்து எடுங்கள்.

தண்ணீர்: வருவதும் வராததும்

ஏரியா விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று தண்ணீர். மழைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இரண்டையும்தான் சொல்கிறேன்.

வெள்ளம் என்றதும் புதிதாக வருபவர்கள் காவிரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். காவிரி சொல்லிவிட்டு வருகிற ஆறு. மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரி நீரைத் திறந்தால் செய்தியில் வந்துவிடும், கரையோரம் ஒலிபெருக்கியில் எச்சரிப்பார்கள், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்குத் தண்ணீர் வந்து சேர அவகாசம் இருக்கும். பெருவெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் அந்த முக்கொம்பிலேயே கொள்ளிடத்து மதகுகள் உடைந்ததும், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததும் உண்மைதான். அப்போதும்கூட ஊருக்குள் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது சின்ன ஆறுகளை. கோரையாறு, குடமுருட்டி, அரியாறு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு, புதர் மண்டிக் கிடக்கும். பக்கத்தில் ஆறு இருப்பதே குடிவந்தவருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே மணப்பாறை, விராலிமலைப் பக்கம் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தால் விடிவதற்குள் இங்கே கரை புரளும். 2005 நவம்பரில் கருமண்டபம், வயலூர் ரோட்டுப் பக்கத்து நகர்கள் பலவற்றில் தண்ணீர் புகுந்தது. அதற்கு முன்னால் 1977 நவம்பர் வெள்ளம். பழைய ஆட்கள் இன்னும் அதை வைத்துத்தான் ஆண்டுக் கணக்குப் பேசுகிறார்கள். அதற்காக அந்தப் பகுதிகளையே ஒதுக்க வேண்டியதில்லை. எத்தனையோ நல்ல தெருக்கள் அங்கே இருக்கின்றன. ஏரியா பெயரை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள்.

தெருவைப் பார்ப்பது என்றால் இப்படி. ரோட்டிலிருந்து வாசலுக்கு ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டுப் பழைய வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. கேட்டைத் திறந்ததும் கால் இறங்கினால் மழைத் தண்ணீரும் அதே வழியில்தான் இறங்கும். காம்பவுண்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் வேறு நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறதா, சுண்ணாம்பு பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மோட்டாரை இரண்டடி மேடை கட்டி உட்கார வைத்திருந்தால், ஈபி மீட்டர் பெட்டியைத் தூக்கி மாட்டியிருந்தால், அந்த வீட்டுக்காரர் அனுபவப்பட்டவர். அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், "எந்த வருஷம் சார், எவ்வளவு உயரம் வந்துச்சு?" நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகத்தான் சொல்வார்கள்.

குழாய்த் தண்ணீருக்கு வருவோம். மாநகராட்சி தருவது கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து எடுக்கும் தண்ணீர். ருசியான தண்ணீர். எந்த நேரத்துக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், கீழ்த் தொட்டியில் விழுகிறதா, மாடிக்கு ஏறுகிறதா என்று கேளுங்கள். மற்ற உபயோகத்துக்கு போர் தண்ணீர். ஆற்றங்கரைப் பக்கம் போர் தண்ணீரும் நன்றாகவே இருக்கும். தெற்கே போகப் போக உப்பு ஏறுகிற தெருக்கள் வரும். குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதே சாட்சி. என் மாமியார் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் குளியலறைக் குழாயைத் திறந்து கையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துப் பார்ப்பார். நுரை கட்டவில்லை என்றால், "இந்தத் தண்ணில பருப்பு வேகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். ஹாலில் போட்டிருக்கும் டைல்ஸை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. நானும் இப்போது அதே வரிசையில்தான் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஏரியாக்கள்

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் ஈடு கிடையாது என்பது என் அபிப்பிராயம். கோவில், காய்கறி, காபிப்பொடி, மருந்துக்கடை எல்லாம் நடை தூரம். சமதளமான தெருக்கள். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் 1-ஆம் நம்பர் பஸ் ஓயாமல் ஓடும். ஸ்ரீரங்கத்திலேயே ரயில் நிலையமும் உண்டு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பேச ஆள் கிடைக்கும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கார் எடுப்பதை மறந்துவிட வேண்டும். ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம் பக்கமே போக முடியாது. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு அங்கே வேறு சிக்கல் இல்லை. வாங்கப் போகிறவர்கள் மட்டும் "அடிமனை" என்ற சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். கோவிலைச் சுற்றிப் பல தெருக்களில் வீடு ஒருவருடையதாக இருக்கும், அது நிற்கும் மண் கோவிலுக்கு உரியது என்று வழக்கு இருக்கும். ஒரு நல்ல வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சில தெருக்களில் "சைவமா, அசைவமா?" என்ற கேள்வி வாடகையைச் சொல்வதற்கு முன்பே வரும். சில இடங்களில் அதைத் தாண்டியும் கேட்பார்கள். கேட்கும்போது மனசு வலிக்கும். என்னுடன் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இதனாலேயே பல வீட்டு வாசலிலிருந்து திரும்பி வந்தாள். அப்படிக் கேட்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. ஆனாலும் மறைத்துக் குடிபோகாதீர்கள். சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைக்கிற வாழ்க்கை யாருக்கும் வேண்டாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தென்னூர், உறையூர், புத்தூர், காஜாமலை என்று எல்லோரும் கலந்து வாழ்கிற ஏரியாக்கள் தாராளமாக இருக்கின்றன.

தில்லைநகரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். மெயின் ரோடு, அதிலிருந்து எண் போட்ட கிராஸ்கள் என்று ஒழுங்காக அமைந்த நகர். டாக்டர், ஸ்கேன் சென்டர், நீட் கோச்சிங், துணிக்கடை எல்லாம் காலடியில். அதுவே அதன் தொந்தரவும். மெயின் ரோட்டை ஒட்டிய பல வீடுகளின் கீழ்த்தளம் கிளினிக்காகவோ கடையாகவோ மாறிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் கேட்டை மறித்து யாராவது ஸ்கூட்டரை நிறுத்தியிருப்பார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளையைத் தனியாக டியூஷனுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், பிள்ளை நடந்தே போய்வந்துவிடும். அப்படித் தேவை இல்லாதவர்கள், பக்கத்து உறையூரில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பாருங்கள். பழைய ஊர், குறுகலான தெருக்கள், ஆனால் அக்கம்பக்கம் உண்டு. தென்னூரில் உழவர் சந்தை இருக்கிறது. காலையில் போனால் கீரை பனி ஈரத்தோடு கிடைக்கும்.

புத்தூர், பெரியாஸ்பத்திரியும் தனியார் மருத்துவமனைகளும் அருகில் இருக்க வேண்டியவர்களுக்கு. அமைதி வேண்டும், அகலமான ரோடு வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும் என்றால் கே.கே.நகர். விமான நிலையமும் பக்கம். ஆனால் அங்கிருந்து மலைக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் பிள்ளை தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டுமென்றால் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை, என்.ஐ.டி., துவாக்குடித் தொழிற்பேட்டை என்று கிழக்கே வேலை கிடைத்தவர்கள் தயவுசெய்து தில்லைநகரில் வீடு எடுக்காதீர்கள். காட்டூர், திருவெறும்பூர்ப் பக்கமே பாருங்கள். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் சர்வீஸ் ரோடு வேண்டும் என்று ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே தினமும் இரண்டு தடவை டூவீலரில் போக வேண்டிய ரோடு அது இல்லை. வழியில் அரியமங்கலம் பக்கம் வாடகை குறைவாகக் கிடைக்கும். அங்கே மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு இருக்கிறது. பழைய குப்பையைத் தரம்பிரித்து அகற்றும் வேலை நடந்துவந்தாலும், காற்றடிக்கும் நாளில் போய் மாடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பஞ்சப்பூரைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2025-இல் அங்கே புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்து, வெளியூர்ப் பேருந்துகளை அங்கே மாற்றிவிட்டார்கள். வார இறுதியில் மதுரைக்கோ சென்னைக்கோ போய்வருகிறவர்களுக்கு எடமலைப்பட்டி புதூர் பக்கம் வசதி. மனை விற்பவர்கள் அடுத்த கன்டோன்மென்ட் இதுதான் என்று பேசுவார்கள். கோரையாறு அந்த வழியாகத்தான் போகிறது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒரு மழைக்காலத்தை வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டு மனையைப் பற்றி யோசியுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. நம்பர் 1 டோல்கேட் வேறு, டி.வி.எஸ். டோல்கேட் வேறு. முதலாவது கொள்ளிடத்துக்கு வடக்கே, சமயபுரம் போகும் வழியில்; இரண்டாவது ஊருக்குத் தெற்கே. "டோல்கேட் பக்கம் நல்ல வீடு" என்று புரோக்கர் சொன்னால் எந்த டோல்கேட் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வீடு தேடும் முறை

ஆன்லைனில் தெரிவது கொஞ்சம்தான். நல்ல வீடுகள் பல "டு லெட்" போர்டு ஏறுவதற்கு முன்பே வாய்வழியாகப் போய்விடும். முடிந்தால் முதலில் நீங்கள் மட்டும் வந்து லாட்ஜிலோ, மாத வாடகை அறையிலோ தங்கி வேலையில் சேருங்கள். குடும்பத்தைப் பள்ளி திறக்கும் நேரத்துக்குக் கூட்டிவரலாம். அந்த இடைவெளியில் காலையில் பள்ளி வேன்கள் ஓடும் நேரத்தில் ஒரு நடை, இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். பெண்கள் தனியாகத் திரும்பி வர வேண்டிய வீடென்றால் பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை இரவில் நடந்து பார்த்தே ஆக வேண்டும். எத்தனை தெருவிளக்கு எரிகிறது, எந்த முக்கில் டாஸ்மாக் இருக்கிறது என்பது பகலில் தெரியாது.

தெருவில் யாரைக் கேட்பது? நான் முதலில் போவது இஸ்திரி வண்டிக்காரரிடம். ஒருதடவை உறையூரில் ஒரு மாடி வீட்டைப் பற்றி விசாரித்தேன்.

"அண்ணே, அந்தப் பச்சை கேட்டு வீட்டு மாடி காலியாமே?"

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஆமாம்மா. வீடு நல்ல வீடு. ஓனரம்மாவும் தங்கமானவங்க. காலைல ஏழு மணிக்கு ஒருதரம் மோட்டார் போடுவாங்க, அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டா முகம் மாறிடும். முன்னாடி இருந்த டீச்சரம்மா அதுக்குத்தான் காலி பண்ணாங்க. கைக்குழந்தை வச்சிருந்தாங்கள்ல."

எந்தப் புரோக்கரும் இதைச் சொல்ல மாட்டார். பூக்காரம்மா, மாவுக்கடைக்காரர், பால் ஊற்றுபவர் எல்லோருக்கும் இப்படித் தெருவின் கதை தெரியும். இவர்களிடம் "நல்ல ஏரியாவா?" என்று கேட்காதீர்கள். "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?" என்று கேளுங்கள்.

வெயிலையும் பார்க்க வேண்டும். திருச்சியில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடென்றால் மாலை நாலு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்பக்கம் கை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றினால் ராத்திரி இரண்டு மணி வரை அந்த அறையில் தூக்கம் வராது. அங்கே ஏ.சி. போட்டால் கரன்ட் பில்லும் ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக உயரும். அதனால் உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருக்கிறதா, இல்லை ஓனர் இணைப்பிலிருந்து சப் மீட்டரா என்பது முக்கியம். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் இரண்டு குடும்பமும் மேல்படி விலைதான் கொடுக்க வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒத்துக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதிகம் கேட்டால் இதைச் சொல்லிக் குறைக்கச் சொல்லலாம். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

நேரமும் பார்த்துத் தேடுங்கள். மே, ஜூனில் பள்ளி மாறுகிறவர்கள் அத்தனை பேரும் தேடுவார்கள், வாடகையில் பேரம் நடக்காது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடி போக மாட்டார்கள், காலியான வீடு காலியாகவே நிற்கும். அப்போது போய்ப் பேசினால் வாடகையும் குறையும், சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள், குழாய் மாற்றிக் கொடுங்கள் என்றும் கேட்கலாம். சம்பிரதாயம் பார்க்கிறவர்கள் ஆடியிலேயே பேசி முடித்துச் சின்னதாக ஒரு தொகையைக் கொடுத்து வீட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள்.